கண்ட கனவு லூசிட் கனவுதானா? சரிபார்க்கும் முறை

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்திருந்தால் அது லூசிட் கனவு. விழித்த பிறகுதான் தெரிந்தது என்றால் அது சாதாரணக் கனவு. 1913இல் இந்தப் பெயரைப் பரவலாக்கிய டச்சு மருத்துவர் பிரெடரிக் வான் ஈடன் காலம் தொட்டு அடிப்படை இதுதான். கனவு எவ்வளவு பளிச்சென்று இருந்தது, சிவனொளிபாதமலைக்கு மேலே பறந்தீர்களா, நினைத்தபடி நடந்ததா என்பதெல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை. பறந்த கனவையெல்லாம் லூசிட் கணக்கில் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். பறக்கிறோம் என்று மட்டும் தெரிந்து, கனவு என்று தெரியாவிட்டால் அது கணக்கில் வராது.

சரிபார்ப்பு விழித்த முதல் சில நிமிடங்களில் நடக்க வேண்டும். இலங்கை மலையகத்தின் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இது லேசான காரியமில்லை. வெள்ளனவே அடுப்பு, கேத்தல், பிள்ளைகள், பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) என்று வீடே எழும்பிவிடும். யாரோடாவது நாலு வார்த்தை பேசினால் பாதிக் கனவு போய்விடும். கொப்பியும் பேனையும் தலைமாட்டிலேயே இருக்கட்டும். விழித்ததும் புரளாமல், கண்ணைத் திறக்காமல் கிடந்து, கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறகு பேசாமல் எழுதுங்கள். கதையை முழுதாக எழுத நேரமில்லாவிட்டால் இவற்றுக்கு மட்டும் விடை எழுதினால் போதும்:

1. கனவு என்று தெரிந்தது எந்த இடத்தில்? அதற்கு முந்திய காட்சி என்ன?
2. என்ன வார்த்தையில் தோன்றியது?
3. எது காட்டிக்கொடுத்தது?
4. தெரிந்த பிறகு நடத்தையில் என்ன மாறியது?
5. படுத்திருக்கும் இடம், மறுநாள் வேலை என்று விழிப்பு வாழ்க்கையிலிருந்து ஏதாவது ஞாபகம் வந்ததா?

இதில் முதலாவதுதான் உரைகல். "எங்கேயோ தெரிஞ்சது மாதிரி இருந்திச்சு" என்ற விடைக்கு மதிப்புக் கிடையாது. விழித்த மூளை கனவைத் திருப்பிப் பார்க்கும்போது, இப்போது தெரிவதை அப்போதே தெரிந்ததாகச் சேர்த்துவிடும். உண்மையாகவே தெரிந்திருந்தால் கதையில் ஒரு வெட்டு இருக்கும். செத்துப்போன அப்பாயி அடுப்படியில் ரொட்டி தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு, விழித்த பின் "அட, அப்பாயி செத்து வருசமாச்சே" என்று நினைத்தால் அது சாதாரணக் கனவு. ரொட்டியை வாங்கும்போதே "இவங்க இல்லையே, அப்ப இது கனவு" என்று பட்டிருந்தால் லூசிட். அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் ரொட்டியைத் தின்றிருந்தாலும் லூசிட்தான். கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனையல்ல. ஆகவே நாலாவது கேள்விக்கு "ஒன்றும் மாறவில்லை" என்பதும் செல்லும் விடைதான்.

சிக்கல் நடுவில் நிற்கும் கனவுகளில். "கனவுதானே" என்று வாய் சொல்லும், ஆனால் நாய் துரத்தும்போது உயிர் போகிற ஓட்டம் ஓடுவீர்கள். கனவில் இன்னொருவரிடம் "நான் லூசிட் கனவு கண்டேன்" என்று பெருமையாகச் சொல்வீர்கள், அப்போது நீங்கள் நிற்பதும் கனவு என்பது தெரியாது. இரண்டாவது லூசிட் அல்ல, அது கனவின் கதையில் வந்த ஒரு பேச்சு. முதலாவதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். தோட்டத்தில் பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளக் கணக்கு) போடுவதுபோல, கொப்பியிலும் "அரை" என்று குறியுங்கள். ஜெர்மனிய உளவியலாளர் பால் தோலி, கனவென்று தெரிவதோடு நிற்காமல், அடுத்து என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கும் சுதந்திரத்தையும் விழிப்பு வாழ்க்கையின் ஞாபகத்தையும் அளவுகோலில் சேர்த்தார். நாலாவதும் ஐந்தாவதும் கேள்விகள் அதற்காகத்தான். அவை முழுப்பேரின் தரத்தைச் சொல்லும், பேர் உண்டா இல்லையா என்பதைச் சொல்லாது.

அதிகம் ஏமாற்றுவது பொய் விழிப்பு. எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, குறுக்குப் பாதையில் பெரட்டுக்கு இறங்கும்போது நிஜமாகவே விழிப்பு வரும். முந்திய பகுதி லூசிட்டாக இருந்தாலும், "விழித்துவிட்டேன்" என்று நம்பிய பகுதி சாதாரணக் கனவு. பகுதி பகுதியாகப் பிரித்துக் குறியுங்கள். படுக்கையில் கண் திறந்து, அறை தெரிந்து, கைகால் அசைக்க முடியாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருந்தால் அது தூக்க முடக்கம். பேய் அமுக்குது என்று வீட்டில் சொல்வது இதைத்தான். தனியாக எழுதி வையுங்கள், லூசிட் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கனவுக்குள்ளேயே சோதிப்பதற்கு விசித்திரத்தை நம்பக் கூடாது, அதிலும் மலையகத்தில். எதிர்ப்பக்க மலை பனிமூட்டத்தில் காணாமல் போவது இங்கே அன்றாடம். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே வரும், அதுவும் நிஜம். இரண்டு சோதனைகள் இவற்றைவிட நம்பகமானவை. ஒன்று, வாயை மூடி, மூக்கை விரலால் இறுக்கி, மூச்சை இழுப்பது. காற்று வந்தால் கனவு. மற்றது எழுத்து. ரயில் நிலையப் பெயர்ப்பலகையையோ பஸ் போர்டையோ வாசித்து, தலையைத் திருப்பி, மறுபடி வாசியுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். மும்மொழிப் பலகை இதற்கு வசதி, ஏதாவது ஒரு வரியாவது குழம்பும். எழுத்து மாறாதது விழிப்புக்குச் சான்றாகாது என்பதால் இரண்டையும் செய்யுங்கள். பகலில் சும்மா மூக்கைப் பிடிப்பதால் பயனில்லை. "இப்போது கனவாக இருக்குமோ?" என்று உண்மையாகவே சந்தேகித்துச் செய்தால்தான் அந்தச் சந்தேகம் கனவுக்குள்ளும் வரும்.

உயரத்திலிருந்து குதிப்பதை ஒருநாளும் சோதனையாக வைக்காதீர்கள். விழிப்பில் தவறாகக் கணித்தால் திருத்த முடியாது.

ஆய்வுகூடத்தில் இதை நிரூபிக்க வழி உண்டு. கனவு காணும் தூக்கத்தில் உடல் செயலற்றிருந்தாலும் கண் அசையும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கீத் ஹெர்ன், லூசிட் கனவு காணும் ஆலன் வோஸ்லியை உறங்க வைத்து, முன்பே பேசிவைத்தபடி அவர் கனவுக்குள்ளிருந்து காட்டிய இட வலக் கண் அசைவைப் பதிவு செய்தார். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபேர்ஜும் அதே வழியில் காட்டினார். 2021இல் வெளியான ஆய்வில், உறங்குபவர்கள் சின்னக் கழித்தல் கணக்குக்குக் கண்ணாலேயே விடை சொன்னார்கள். வீட்டில் அந்தக் கருவிகள் கிடையாது, கொப்பிதான் சாட்சி.

இத்தகைய கனவு விடியற்காலையில்தான் அதிகம் வரும், கனவுத் தூக்கம் அப்போதுதான் நீளம். மது குடித்த இரவின் கடைசி மணிகளிலும் கனவு மிகப் பளிச்சென்று வரும், அதை லூசிட் என்று எண்ண வேண்டாம். வேண்டுமென்றே முயல்வதானால் வேலையில்லாத நாளில் நாலரை மணிக்கு எழும்பி, அரை மணி விழித்திருந்து, திரும்பப் படுங்கள். வேலை நாளில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஈரச் சரிவில் கூடையோடு ஏறுவது ஆபத்து. பகலிலும் எது நிஜம் என்று குழப்பம் வருகிறவர்கள் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.