தெப்பக்காட்டில் ஆற்றோரம் தங்குகிறவர்களுக்கு: எந்த நேரத்தில் எதைச் செய்வது

நீலகிரியில் முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டில், மாயாற்றங்கரையில் அறை கிடைத்தவர்கள் முதலில் கேட்பது, "ஆத்துல இறங்கிக் குளிக்கலாமா?" என்றுதான். கூடாது. மாயாற்றில் முதலை உண்டு. அது இல்லாவிட்டாலும் தண்ணீரை நம்ப முடியாது. கூடலூர், நடுவட்டம் பக்கம் மழை கொட்டினாலோ பைக்காரா அணையிலிருந்து உபரிநீர் வந்தாலோ, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறிவிடும். தெப்பக்காட்டின் பழைய தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றதெல்லாம் இப்படித்தான். போதாக்குறைக்கு இது புலிகள் காப்பகம். விடுதி வளாகத்தைத் தாண்டி நடந்து போகவே அனுமதி கிடையாது. ஆகவே இங்கே ஆறு பார்ப்பதற்கு. அதற்கும் ஒரு முறை இருக்கிறது.

விடிந்தும் விடியாமலும், ஆறு மணிக்கே வராந்தாவில் உட்கார்ந்துவிடுங்கள். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) போதும். அதைவிடக் கூடுதலாகப் பெரிதாக்கினால் கை நடுக்கத்தில் படம் ஆடும். எதிர்க்கரையில் மண் சரிந்து ஆற்றுக்கு இறங்கும் தடம் எங்கே இருக்கிறது என்று முதல் நாள் மாலையே பார்த்து வையுங்கள். மான், காட்டுமாடு, யானை எல்லாம் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் தண்ணீருக்கு வரும். மரக்கிளைகளில் மலை அணிலைத் தேடுங்கள்: கரும்பழுப்பு முதுகு, வெளிர்மஞ்சள் வயிறு, உடம்பைவிட நீண்ட வால். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும், விலங்குகளும் தண்ணீரைத் தேடி வரும். பார்க்க அதுவே நல்ல காலம். ஆனால் காட்டுத்தீ அபாயத்தால் அந்த மாதங்களில்தான் வனத்துறை சில சமயம் வண்டியில் காடு சுற்றிக் காட்டும் சவாரியை நிறுத்தும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சவாரிக்குத் தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் வனத்துறையே சீட்டு தருகிறது. காலையில் கிளம்பும் முதல் வண்டியைப் பிடியுங்கள். வெயில் ஏறிய பிறகு விலங்குகள் உள்ளே ஒதுங்கிவிடும். பாதையோரம் மேய்வது அந்த முதல் ஒரு மணி நேரம்தான். மசினகுடியில் "ஜீப் சவாரி" என்று கூப்பிடுவார்கள். தனியார் ஜீப்புக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லை. உங்கள் காரே போகக்கூடிய பொதுச்சாலையில்தான் அது சுற்றிக் காட்டும். இரவுச் சவாரி என்று யாராவது சொன்னால் அது சட்டவிரோதம், அபராதம் உங்களுக்கும் சேர்த்துத்தான். புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். புள்ளிமானும் காட்டுமாடும் அநேகமாகக் கண்ணில் படும், யானைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மற்றதெல்லாம் அதிர்ஷ்டம்.

பத்து மணி வாக்கில் தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள். தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பத் தொடங்கும் நேரம் அது. பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) அதில் ஏறி, சிறகடிக்காமல் வட்டமிடும். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் கூடு கட்டும் ஒருசில இடங்களில் ஒன்று. வெண்முதுகுப் பாறு என்றால் இறக்கையின் அடியில் முன்பாதி வெள்ளையாகவும் பின்விளிம்பு கறுப்பாகவும் தெரியும், திரும்பும்போது கீழ்முதுகில் வெள்ளைத் திட்டு பளிச்சிடும். தலை சிவந்து, கால் பக்கம் இரண்டு வெள்ளைத் திட்டு இருந்தால் செந்தலைப் பாறு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கொன்றது. 2006இல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள்.

மாலையில் வனத்துறையின் வளர்ப்பு யானை முகாம். உணவு கொடுக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே போனால் முன்வரிசை கிடைக்கும். அன்றைய நேரத்தை வரவேற்பு மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேகவைத்த ராகி, அரிசி, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாவற்றையும் அந்தந்த யானைக்கு மருத்துவர் சொன்ன அளவில் உருட்டி வாயில் ஊட்டுவார்கள். யானைக்குக் கொடுக்க நீங்கள் பழம் கொண்டுபோக வேண்டாம், வாங்க மாட்டார்கள்.

ஒரு முழுநாள் கையில் இருந்தால் மலையேறி ஒரு சுற்று வரலாம்: மசினகுடி, கல்லட்டி, தலைகுந்தா, பைக்காரா, நடுவட்டம், கூடலூர், திரும்பத் தெப்பக்காடு. ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இந்த வரிசையை மாற்ற முடியாது. கல்லட்டிப் பாதையில் வெளியூர்ப் பதிவு வண்டிகளைத் தலைகுந்தாவிலிருந்து கீழே இறங்க விடுவதில்லை, ஏற மட்டும்தான். மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள், எண் போட்ட பலகை இருக்கும். ஏசியை அணைத்துவிட்டு, வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வாருங்கள். வளைவின் நடுவில் மாற்றினால் வண்டி நின்றுவிடும். நின்றுவிட்டால் பாதி கிளட்சில் தொங்கவிடாமல் கைபிரேக் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட் கருகும்.

தலைகுந்தாவில் ஊட்டிப் பக்கம் திரும்பினால் அன்றைய நாள் நெரிசலிலேயே போய்விடும். நேரே பைக்காரா போய்ப் படகு, அருவி இரண்டையும் பார்த்துக்கொண்டு மதியத்துக்குள் ஊசிமலைக் காட்சிமுனைக்கு வந்துவிடுங்கள். பிற்பகலில் பனிமூட்டம் ஏறினால் எதுவும் தெரியாது. ஸ்வெட்டர் அவசியம். தெப்பக்காட்டைவிட மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் கூடுகிறது. நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறக்கத்தில், ஏறும்போது எந்தக் கியரோ அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை மரியாதை.

கூடலூரிலிருந்து திரும்பும்போது, இருட்டுவதற்குள் தொரப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், பின்னால் எடுக்க இடம் வைத்து. ஹாரன், ஃபிளாஷ், ஹைபீம் எதுவும் வேண்டாம். காதை விரித்து வாலை விறைத்தால் மெதுவாகப் பின்னெடுங்கள். கன்னத்தில் மதநீர் வழிந்த கறை தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள். முன்னால் போன பஸ் கடந்துவிட்டதே என்று நீங்களும் கடக்கப் பார்ப்பதுதான் வினை. மைசூர் பக்கம் போகிறவர்களுக்கு: பந்திப்பூர் வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும்.

நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு) வேண்டும், நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. மைசூரிலிருந்து மாநில எல்லையான கக்கநல்லா வழியாக வந்தாலும் கேட்பார்கள். காட்டுக்குள் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் முன்கூட்டியே எடுத்துக் கைபேசியில் சேமித்து வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுக்கத் தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள்.

கோடையில் உண்ணி, மழைக்காலத்தில் கூடலூர் பக்கம் அட்டை. முழுக்கால் சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். இரவு அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணி கடித்திருந்தால் ட்வீசரால் (சிறு இடுக்கி) தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியால் சுடவோ நசுக்கவோ கூடாது. அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.