ரெண்டு பேர் கூடாரம் வாங்கும்போது நம்ம ஊர் ஆட்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கோர்பு மலைக்கோ லாசா பக்கம் ஆற்றங்கரைக்கோ கிளம்பும் பிள்ளைகள் கூடாரத்தை ஷோப்பி இணையக் கடையில் வாங்குகிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன் பார்ப்பது யாரோ ஒரு வெள்ளைக்காரர் வறண்ட மலையில், மழைத்துளியே விழாத இடத்தில் எடுத்த வீடியோ. அவருக்குக் கவலையெல்லாம் எடை. நமக்கு எடை இரண்டாவது, முதல் பிரச்சினை ஈரம்.

முதலில் அந்த ‘2 பேர்’ கணக்கு. முகாமில் ஒருவர் படுக்கும் சாதாரண விரிப்பின் அகலம் 51 செ.மீ., அகல விரிப்பு 64 செ.மீ. அகல விரிப்பு இரண்டைப் போட்டாலே 128 ஆகிவிடும். பேர்போன காப்பர் ஸ்பர் இரண்டு பேர் கூடாரமே தலைமாட்டில் 132, கால்மாட்டில் 107 செ.மீ.தான், அதாவது கால் பக்கம் ஒரு விரிப்பு மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். நேச்சர்ஹைக் மாதிரி மலிவு விலை நிறுவனங்களிடமும் அகலம் ஏறக்குறைய இதே வட்டத்தில்தான் சுற்றும். கணவன் மனைவி என்றால் சமாளித்துவிடலாம், தோள் விரிந்த இரண்டு ஆண்கள் என்றால் விடிய விடிய முழங்கை யுத்தம்தான். நீளத்தையும் பாருங்கள். ஆறடி ஆள் 210 செ.மீ. கூடாரத்தில் படுத்தால் தலையோ காலோ சுவரில் உரசும், உரசிய இடம் காலையில் நனைந்திருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டுத் தரையில் டேப் ஒட்டி அளவைக் குறித்து, இரண்டு பேரும் படுத்துப் பாருங்கள். அம்மா சிரிப்பார், பரவாயில்லை.

எடை விஷயத்தில் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் உள்கூடாரம், அதன் மேல் மழைக்குப் போர்த்தும் மேல்துணி, கம்பி இவ்வளவுக்குத்தான். முளை, கயிறு, பை எல்லாம் கணக்கில் வராது. கூடாரத்துக்குக் கீழே விரிக்கும் அடித்துணி தனியாக வாங்கினால் இன்னும் கூடும். அதனால் எல்லாம் சேர்ந்த எடையைக் கேளுங்கள். 1.8 கிலோ என்றாலும் பயப்பட வேண்டாம், ஒருவர் துணி, இன்னொருவர் கம்பியும் முளையும் என்று பிரித்தால் ஆளுக்கு 900 கிராம் மாதிரிதான் வரும். அதைவிடக் குறைக்கிறேன் என்று 10 டெனியர் (நூலின் பருமன் அளவு) என்ற மெல்லிய துணிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நம் காட்டில் பிரம்பு முள் இருக்கிறதே, அதற்கு உங்கள் கூடாரத்தின் விலை தெரியாது.

சரி, மழை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும், அதாவது சரியாக நீங்கள் முகாம் போடும் நேரத்தில். உள்கூடாரத்தை முதலில் கட்டி, பிறகு மேல்துணி போடும் வகை என்றால் வலைத்துணி வழியாக உள்ளே குளமாகிவிடும். மேல்துணியை முதலில் கட்ட முடிகிற கூடாரமாகப் பாருங்கள், இல்லையென்றால் மேலே ஒரு தார்ப்பாய் கட்டிவிட்டு அதன் கீழ் வேலையை முடியுங்கள். சிலிக்கோன் பூசிய நைலான் நனைந்தால் தொய்யும், தூங்கப் போகும் முன் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டாவிட்டால் நடு இரவில் மேல்துணி உள்கூடாரத்தில் ஒட்டிக்கொள்ளும். அடித்துணி மேல்துணியைவிட வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இன்னொரு பொதுவான தவறு. வழியும் தண்ணீர் அதில் இறங்கி நேராக முதுகுக்குக் கீழே போய்விடும், அப்புறம் கூடாரம் ஒழுகுகிறது என்று விற்றவரைத் திட்டுவோம்.

உள்ளே ஈரமாக இருந்தால் எல்லாமே ஒழுகல் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரின் மூச்சுக்காற்றே துணியில் பட்டுத் தண்ணீராகும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் 6 டிகிரி குறையும், 2,183 மீட்டர் கோர்பு உச்சிப் பக்கம் இரவு நன்றாகவே குளிரும், குளிர்கிறது என்று காற்றுத் துவாரங்களை மூடினால் காலையில் எல்லாம் சொட்டும். மேல்துணி தனியாக இல்லாத ஒற்றைச் சுவர் கூடாரம் நம் காட்டுக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. உள்ளே அடுப்பு பற்றவைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இடம் பார்ப்பதில் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றடித்தால் பால் மரக் (ரப்பர் மரக்) கிளை எப்படி முறிந்து விழும் என்று தெரிந்தவர்கள், காட்டில் மட்டும் பட்டுப்போன மரத்தடியில் கூடாரம் போடுவது ஏனோ! ஆற்று மணல்திட்டு சமமாக, அழகாகத்தான் இருக்கும், ஆனால் மேலே மலையில் பெய்த மழை கெப்பாலா ஆயராக, அதாவது திடீர் வெள்ளமாக வந்து இறங்கும்போது உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் கூடாரத்தை மடிக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

வீடு திரும்பியதும் ஈரக் கூடாரத்தை அப்படியே காரின் பின்பெட்டியில் விட்டுவிடுவதுதான் கூடாரத்தைக் கொல்லும் பழக்கம். தண்ணீர் புகாமலிருக்கத் துணியில் பூசும் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்து, பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாந்தி மாதிரி நாறும். அந்த நிலைக்கு வந்ததைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. அன்றைக்கே கொடியில் போடுங்கள், நிழலில், ஏனென்றால் நாள் முழுக்க வெயில் பட்டாலும் நைலான் வலுவிழக்கும். தையல் ஓரங்கள் காய்ந்தனவா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இறுக்கமான பையில் திணிக்காமல் பழைய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு வையுங்கள்.