பானையைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

போன தைப்பொங்கலுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி வைத்தோம். பொங்கல் பானையைச் சாட்டி, மண்பாண்டமும் பீங்கானும் பற்றியே முப்பது கேள்விகள். எழுதியது நான். "மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?" என்ற கேள்விக்கு, "மண் இயல்பிலேயே குளிர்ச்சியானது" என்று விடைத்தாளில் போட்டு வைத்திருந்தேன். தரம் 10 படிக்கும் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "அப்படின்னா எங்க லயத்துல இருக்கிற பானையில மட்டும் ஏன் சேர் தண்ணி குளிரவே மாட்டேங்குது?"

கூட்டம் சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. புள்ளியை அவளுக்கே போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து முப்பது விடையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஏழெட்டுப் பிழை. எல்லாமே ஊரில் பெரியவர்கள் சொல்லி, போட்டிப் புத்தகங்களில் ஏறி, திரும்ப என் வாய் வழியாக வந்தவை. அடுத்து போட்டி வைக்கிறவர்கள் என்னைப் போல வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தண்ணீர்ப் பானை. மண்ணுக்கென்று தனியாகக் குளிர்ச்சி கிடையாது. குறைந்த சூட்டில் வெந்த பானையின் சுவர் முழுக்க கண்ணுக்குத் தெரியாத துளைகள். உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதைப் பானையிடமிருந்தும் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. காற்று காய்ந்திருந்தால் இந்த வேலை மளமளவென்று நடக்கும். வவுனியாப் பக்கம் வெயில் காலத்தில் பானைத் தண்ணீர் பல் கூசும். மலைநாட்டுத் தலவாக்கலையில் ஜூன் மாத மழையில், துவைத்த துணியே மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகக் கிடக்கும்போது, பானை மட்டும் எப்படிக் காயும்? கசிந்த நீர் ஆவியாக இடமில்லாமல் அப்படியே வேர்த்து நிற்கும். அந்தப் பிள்ளை கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அழகுக்காக வெளியே பெயின்ட் அடித்த பானையும் குளிராது, துளையை அடைத்துவிட்டோமே.

அடுத்தது, "சக்கரம் கண்டுபிடித்த பிறகுதான் மனிதன் பானை செய்தான்" என்பது. தலைகீழ். சீனாவின் சியான்ரென்டாங் குகையில் கிடைத்த பானை ஓடுகளுக்கு வயது சுமார் 20,000 ஆண்டு. குயவர் சக்கரம் வந்து ஆறாயிரம் ஆண்டு போல இருக்கும். இடையில் அத்தனை காலமும் கையால் பிடித்தும், மண்ணைத் திரித்துச் சுருளாக அடுக்கியும்தான் செய்திருக்கிறார்கள். விவசாயம் வந்த பிறகுதான் பானை வந்தது என்பதும் நிற்காது. அந்தக் குகைக்காரர்கள் வேட்டையாடித் தின்றவர்கள்.

கறுப்புச் சட்டி கறுப்பு மண்ணில் செய்தது என்று நானும் வெகுகாலம் நம்பினேன். மண் ஒன்றுதான். அதில் இரும்பு இருக்கிறது. சூளையில் காற்று தாராளமாகப் புகுந்தால் சட்டி சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் புழுங்க விட்டால் கறுக்கும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும், இந்தப் பக்கம் இலங்கையில் அநுராதபுரத்திலும் பொம்பரிப்பிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பாண்டங்களில் இரண்டையும் ஒரே பானையில் பார்க்கலாம். உள்ளேயும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் வாயும் உள்ளும் காற்றில்லாமல் மாட்டிக்கொள்ளும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்தப் பழைய பானைகளைச் சாட்டியே இன்னொரு கேள்வி வரும்: "பானையின் வயதை எப்படிக் கணிப்பார்கள்?" விடை "கார்பன் முறை" என்று இருக்கும். சுட்ட மண்ணின் வயதை அப்படியே கார்பன் வைத்துச் சொல்ல முடியாது. பானையில் ஒட்டிய கரி, அடிப்பிடித்த சோறு, கூடக் கிடந்த விறகுக்கரி என்று உயிருள்ளதிலிருந்து வந்த ஏதாவது வேண்டும். பானையையே அளக்க வெப்ப ஒளிர்வு என்று வேறு முறை இருக்கிறது. கடைசியாக எப்போது நன்றாகச் சூடானது என்பதை அது காட்டும்.

இனி பீங்கான். ஆகப்பெரிய குழப்பம் இங்கேதான். வெள்ளையாகப் பளபளத்தால் எல்லாம் பீங்கான் என்கிறோம். மண்பாண்டம் பொதுவாக 1,000 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வெந்தது. உண்மையான பீங்கான் 1,250இலிருந்து 1,400 பாகை வரை வெந்து, உள்ளுக்குள்ளேயே பாதி கண்ணாடியாகிவிட்டது. நடுவில் 1,200க்கு மேலே வெந்த கற்பாண்டம் இருக்கிறது. கறுத்த தடித்த குவளைகள் பல அந்த ரகம். கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் (கண்ணாடி மாதிரிப் பூச்சு) பூசாத வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுரீரென்று உறிஞ்சினால் அது வெள்ளைப் பூச்சு பூசிய மண்பாண்டம். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் பீங்கானாகவோ கற்பாண்டமாகவோ இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் விரலை அசைத்தால் நிழல் தெரிகிறதா? அப்படியானால் பீங்கான்.

பீங்கானுக்கு அடிப்படை கயோலின் என்ற வெள்ளைக் களிமண். சீனாவில் ஜிங்தெசென் நகருக்குப் பக்கத்திலுள்ள கௌலிங் என்ற இடத்தின் பெயர்தான் கயோலின் ஆனது. கௌலிங் என்றால் உயரமான மலைமுகடு. நம் இலங்கையில் கயோலின் கிடைப்பது என்னவோ தாழ்நாட்டில், பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும். அதோடு சேர்க்கும் பெல்ஸ்பார் கல்லுக்கு மாத்தளைப் பக்கம் வரவேண்டும்.

மாத்தளை என்றதும் ஞாபகம் வருகிறது. "நொரிடாகே" என்று அடியில் எழுதியிருந்தால் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது என்று கலியாண வீடுகளில் பெருமையடிப்பார்கள். 1904இல் ஜப்பானில் தொடங்கிய கம்பனிதான். ஆனால் 1970களிலிருந்து மாத்தளையிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. எழுத்தைக் கொஞ்சம் கண்ணை இடுக்கிக்கொண்டு வாசித்தால் பாதிப் பெருமை கண்டிக்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

"போன் சைனா" (எலும்புப் பீங்கான்) விஷயத்தில் நான் எழுதிய விடை, "பெயரில் மட்டும்தான் எலும்பு". பெயரில் மட்டுமில்லை, கோப்பையிலேயே இருக்கிறது. மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் களிமண்ணோடு கலக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேர்ப்பதுதான் வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஜொசாயா ஸ்போட் இதைச் சீர்ப்படுத்தினார். சுத்த சைவமான என் பெரியம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவர் சாமிக்குப் பால் வைப்பது அப்படியொரு கோப்பையில்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் சாயம் ருசி பார்க்கும் கோப்பை பீங்கானாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் பாதி உண்மை. ஐஎஸ்ஓ 3103 என்ற தரவிதி, வெள்ளைப் பீங்கான் அல்லது மினுக்கம் பூசிய மண்பாண்டம், இரண்டையும் ஏற்கிறது. வெள்ளை நிறம் சாயத்தின் நிறத்தைப் பார்ப்பதற்கு. அந்த விதிப்படி 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள் போட்டு 6 நிமிடம் ஊற வைப்பார்கள். ஊற வைக்கும் அந்தச் சின்னப் பாத்திரத்தின் வாயில் ஒரு பக்கம் மட்டும் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கும். மூடியோடு சாய்த்தால் அந்தப் பல்லிடுக்கு வழியே சாயம் மட்டும் இறங்கும், கொழுந்து உள்ளேயே நிற்கும். மலையில் பிறந்து வளர்ந்தும் நான் அதை முதலில் பார்த்தது நாற்பது வயதில்.

"களிமண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும்" என்பதும் தவறு. வெடிக்க வைப்பது ஈரம். தண்ணீர் நீராவியானால் இடம் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் கேட்கும். கெட்டியான மண்ணுக்குள் அது எங்கே போகும்? குமிழி இருந்தும் நன்றாகக் காய்ந்திருந்தால் பானை தப்பிக்கும். நம் பாடசாலைகளில் பிள்ளைகள் செய்யும் சிட்டி விளக்குகள் நெருப்பில் படீர் என்று தெறிப்பது இதனால்தான். இந்தக் குளிரில் இரண்டு நாளில் காய்ந்த மாதிரி தெரியும். கன்னத்தில் வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்புத்தான் ஈரம். அது போகும் வரை பொறுங்கள்.

கடினமான பாத்திரம் என்றால் நெருப்பையும் தாங்கும் என்று நினைப்பது வீட்டில் நட்டம் தரும் தவறு. பீங்கான் கோப்பையை அடுப்பில் வைத்தால் பிளந்துவிடும். மெத்தென்ற மண்சட்டியோ தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய மிளாறு போட்டு எரிக்கும் அடுப்பில் வருடக்கணக்கில் நிற்கிறது. குயவர் மண்ணில் மணல் கலக்கிறார். அந்த மணலும் துளைகளும் கீறல் ஓடுவதை இடையிலேயே தடுத்துவிடுகின்றன. அதற்காக, கழுவின ஈரச்சட்டியை நேரே கொதிக்கும் அடுப்பில் ஏற்றாதீர்கள். என் அப்பாயி புதுச்சட்டியில் மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைப்பார். மாப்பசை துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும், கசிவு குறையும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் அதே துளைகளில் சவர்க்காரம் போய் உட்காரும்; அடுத்த நாள் மீன்குழம்பில் ருசி தெரியும். சாம்பலும் தென்னந்தும்பும் போதும். கழுவி மூடிபோட்டு வைத்தால் நம் மலைக் காலநிலைக்கு ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மூடி போடாமல் அடுப்புக்கு மேலே பரணில் கவிழ்த்து வையுங்கள்.

கொழும்பிலிருந்து கண்டி வரும் பஸ்ஸில் கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொடவில் ரோட்டோரம் சட்டி பானை அடுக்கியிருப்பார்கள். அங்கே இறங்கி வாங்குகிறவர்கள் எல்லோரும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். தட்டுவது நல்லதுதான், "டங்" என்றால் கீறல் இல்லை. ஆனால் அடுக்கில் வைத்தபடியே தட்டக்கூடாது. பக்கத்துச் சட்டி சத்தத்தைத் தின்றுவிடும். மழையில் நனைந்த நல்ல சட்டிகூட "தொப்" என்றுதான் சொல்லும். காய்ந்த சட்டியாக எடுத்து, உள்ளங்கையில் உட்கார வைக்காமல், வாயின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டுங்கள்.