ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? கழற்றும் முன் சோதிப்பதும், கழற்றிய பின் செய்வதும்

பழைய கார் கொதித்து நின்றால், பார்ப்பவர்கள் முதலில் சொல்வது "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்". பல நேரம் அது சரிதான். ஆனால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு) திறக்காமல் ஒட்டிக்கொண்டாலும், ஃபேன் சுற்றாவிட்டாலும், ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் இன்ஜின் கொதிக்கத்தான் செய்யும். ஹெட்டைக் கழற்றுவது பெரிய வேலை. சந்தேகத்தின் பேரில் அதில் கை வைக்காதீர்கள்.

இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் இந்த கேஸ்கெட். எரியும் வாயு, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ஆயில் மூன்றும் அதனதன் வழியில் போகும்படி பார்த்துக்கொள்கிறது. அது எந்த இடத்தில் விட்டுப்போகிறதோ, அதற்கேற்ப அறிகுறியும் மாறும்.

முதல் சோதனை: இன்ஜின் ஆறியிருக்கும்போது

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். காலையில் ஆறிய நிலையில் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் அதில் கூலண்ட் கலந்திருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் படிவு இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் தங்கி அப்படி வரும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் நாலைந்து குமிழி வருவது சகஜம். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது. மூடியைப் போட்டு, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே அர்த்தம்தான். உறுதி செய்ய, கூலண்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவம் கிடைக்கும். பெட்ரோல் இன்ஜினில் அது மஞ்சளாக மாறினால் வாயு கசிகிறது.

இரண்டாவது சோதனை: கம்ப்ரஷன்

எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒரு பிளக் மட்டும் கழுவி வைத்தது போல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கூலண்ட் ஆவியாகப் போகிறது. எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை, கேஜால் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் அளவு குறைந்தால், பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் விட்டிருக்கும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்திருப்பது பிஸ்டன் ரிங்.

கேஸ்கெட் போனது உறுதியானால் வண்டியை ஓட்ட வேண்டாம். கூலண்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

கழற்றுதல்

உங்கள் இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் கையில் இருக்கட்டும். பேட்டரியைத் துண்டித்து, கூலண்டையும் ஆயிலையும் வடித்து, வால்வுகள் பிஸ்டனோடு ஒத்து இயங்குவதைக் காட்டும் டைமிங் குறிகளைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். மேனிஃபோல்டு (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதி), டைமிங் பெல்ட் எல்லாம் கழன்று வந்தபின், இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில், மேனுவல் சொல்லும் வரிசையில் ஹெட் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். பொதுவாக அது ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகும். ஒரேயடியாக இல்லாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக.

பிழைப்பதும் வீணாவதும் இங்கேதான்

புது கேஸ்கெட் போட்டும் மறுபடி போகிறது என்றால், பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டிருப்பார்கள். கொதித்த அலுமினிய ஹெட் எளிதில் வளையும். நேர்ப்பட்டையை நீளவாக்கில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். பல இன்ஜின்களுக்கு வரம்பு 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான், உங்களுடையதற்கு மேனுவலே முடிவு. தாண்டினால் பட்டறையில் கொடுத்து ஃபேசிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது) செய்யுங்கள். விரிசல் சோதனையும் அப்போதே கேளுங்கள். பிளாக்கின் முகத்தையும் இதேபோல் அளக்க வேண்டும்.

பழைய கேஸ்கெட் துணுக்குகளை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். தேய்ப்பு வட்டு வேண்டவே வேண்டாம். அலுமினியத்தில் பள்ளம் விழும், உதிரும் துகள் ஆயிலோடு பேரிங்குக்குப் போகும். போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட்டை முடுக்கும்போது வழியில்லாத திரவம் பிளாக்கையே பிளந்துவிடும். துளைகளை உலர வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பூட்டுதல்

கேஸ்கெட்டின் மேல்பக்கக் குறியைச் சரிபார்த்து உட்கார வையுங்கள். மேனுவல் சொல்லாவிட்டால் சீலண்ட் தடவாதீர்கள். கோணம் வைத்து முடுக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறைக்குத்தான், புதிது வாங்குங்கள். டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்) நடுவிலிருந்து ஓரத்துக்கு, கட்டம் கட்டமாக முடுக்குங்கள். டைமிங் பெல்ட் போட்டதும் கிராங்க் ஷாஃப்ட்டை கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கிறதா என்று பாருங்கள்.

கூலண்ட் ஊற்றும் முன், இன்ஜின் எதனால் கொதித்தது என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள்: தெர்மோஸ்டாட், ஃபேன், வாட்டர் பம்ப், ரேடியேட்டர். பிறகு புது ஆயில், ஃபில்டர் போட்டு, ஹீட்டரை முழுதாகத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். சைலன்சரில் தேங்கிய கூலண்ட் எரியும்வரை வெள்ளைப் புகை வரும், அது தானாக நிற்கும். ஆயிலில் கூலண்ட் கலந்திருந்த வண்டிக்குக் கொஞ்ச தூரம் ஓடியதும் ஆயிலை இன்னொரு முறை மாற்றுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள். அதன்பிறகும் தினம் தினம் குறைந்தால், பிரஷர் டெஸ்டர் வைத்துக் கசிவைத் தேட வேண்டியதுதான்.