மெஜஸ்டிக்கில் உங்கள் பஸ்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேலைக்காகப் பெங்களூருக்குப் புதிதாக வருபவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் திகைத்து நிற்கும் இடம் மெஜஸ்டிக். அறிவிப்புப் பலகையில் கெம்பேகவுடா பஸ் நிலையம் என்று இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், போக வேண்டியது ஊருக்குள்ளா வெளியூருக்கா என்று தெளிவாகுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை இரண்டு நிலையங்கள். நகரப் பஸ்கள் பி.எம்.டி.சி. பகுதியில், வெளியூர்ப் பஸ்கள் கே.எஸ்.ஆர்.டி.சி. பகுதியில். இது தெரியாமல்தான் பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். (ஒரு காலத்தில் நகரத்துக்கே தண்ணீர் கொடுத்த தர்மாம்புதி ஏரி இருந்த இடம் இது. நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.)

அடுத்து, பஸ் எண். இதில்தான் கவனம் வேண்டும். மாரத்தஹள்ளி வழியாகக் காடுகோடி போவது 335இ. எண்ணை மட்டும் பார்த்து ஏறாதீர்கள். பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து மாறினால் வழியும் மாறலாம். முன்னால் ‘வி’ இருந்தால் அது குளிர்சாதன வஜ்ரா, கட்டணம் கூடுதல். விமான நிலையத்துக்குக் ‘கே.ஐ.ஏ.’ என்று தொடங்கும் வாயு வஜ்ரா பஸ்கள். ஐயம் வந்தால் ஏறுமுன் கண்டக்டரிடம் “மாரத்தஹள்ளிகே ஹோகுத்தா?” என்று கேளுங்கள். தமிழில் கேட்டாலும் பெரும்பாலும் பதில் கிடைக்கும். ஆனால் அவர்கள் ஊரில் அவர்கள் மொழியில் கேட்பதுதான் மரியாதை.

ஏறியதும் முன்பக்க இருக்கைகளைப் பெண்களுக்கு விட்டுவிட்டு ஆண்கள் பின்னால் நகர்ந்துவிட வேண்டும். சில்லறை வைத்திருங்கள்.

பெண்களுக்கு ஒரு செய்தி: 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் சாதாரணப் பஸ்களில் இலவசமாகப் பயணம் செய்யலாம். ஆனால் அது கர்நாடகப் பெண்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு முகவரியுள்ள ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

ஒயிட்ஃபீல்டுக்குப் போகிறவர்களுக்கு மெட்ரோதான் என் பரிந்துரை. ஊதா வழித்தடமும் பச்சை வழித்தடமும் சந்திக்கும் நிலையம் இங்கேயே இருக்கிறது. மாலை நேர நெரிசலில் பஸ்ஸில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது மட்டும் மெஜஸ்டிக்குக்கு ஓடி வராதீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் போகும் தமிழ்நாட்டு அரசுப் பஸ்களுக்குச் சாந்திநகர் நிலையம்தான் சரியான இடம். முன்பதிவு செய்திருந்தால் டிக்கெட்டில் ஏறுமிடம் என்ன போட்டிருக்கிறது என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.