சீராக வந்த மிக்ஸியா? முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள்

செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணச் சீராக வந்த குக்கர், மிக்ஸி, ஹீட்டர் எல்லாம் பெட்டி பிரிக்காமலே வருடக்கணக்கில் அறையில் இருக்கும். இடையில் பாதுகாப்புக் குறைக்காக நிறுவனம் அந்த மாடலைத் திரும்பப் பெற்றிருந்தால்கூட நமக்குத் தெரியாது. அதனால் பிரிக்கிற அன்றே, அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் போனில் படம் எடுத்து, நிறுவன இணையதளத்தில் உள்ள, திரும்பப் பெற்ற மாடல்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

உங்கள் பொருளும் பட்டியலில் இருக்கிறதா? உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். “இத்தனை நாள் ஒன்றும் ஆகலையே” என்று தயவுசெய்து ஓட்டாதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆபத்து அவர் வீட்டுக்குப் போகும். பொருள் கையில் இருந்தால்தான் நிறுவனத்திடம் கேட்பதும் சுலபம்.

இலவசப் பழுதுநீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பில் அப்பச்சி (அப்பா) பேரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் காரைக்குடிக்காரர்களுக்கு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.