கண்ணை மூடினால் கட்டம் தேர்வாகும்: மூளை அலையில் இயங்கும் உங்கள் முதல் விளையாட்டு

கைகால் அசைக்க முடியாதவர்களுக்காக வீடியோ கேம் செய்ய வருகிறவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே ஓடுவது, குதிப்பது, சுடுவது என்று வேகமான ஆட்டத்தை மூளையோடு இணைக்கப் பார்த்து, அது சொன்ன பேச்சு கேட்காமல் போனதும் மனசு விட்டுவிடுகிறார்கள். மூளையின் மின் அலைகளை அளக்கத் தலையில் மாட்டும் ஈஈஜி பட்டை மெதுவானது, ஒரு கட்டளையைப் பிடிக்கவே ஓரிரு வினாடி ஆகும். அதனால் விளையாட்டைத்தான் நாம் காத்திருக்க வைக்க வேண்டும். ஒன்பது கட்டத்தில் X, O போடும் டிக்-டாக்-டோவில் ஆரம்பிப்போம், அதில் அவசரமே இல்லை.

நாம் பிடிக்கப்போவது ஆல்ஃபா அலை. கண்ணை மூடியதும் பின்மண்டைப் பக்கம் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான (வினாடிக்கு 8 முதல் 12 முறை ஏறி இறங்கும்) அலை பெருகும், திறந்ததும் அடங்கிவிடும். மனித மூளை அலையை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் எழுதிய கட்டுரையிலிருந்தே இந்த அலை பேசப்படுகிறது. நமக்கு இது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

மியூஸ் 2 மாதிரி ஒரு ஈஈஜி பட்டை, பைத்தான் புரோகிராம் மொழி, பட்டையிலிருந்து தரவை வாங்கித் தரும் பிரெயின்ஃப்ளோ என்ற இலவச மென்பொருள் நூலகம் போதும். பட்டையை உடனே வாங்க வேண்டாம்! பிரெயின்ஃப்ளோவிலேயே பட்டைக்குப் பதிலாக ஒரு செயற்கை போர்டு (போலிக் கருவி) இருக்கிறது, அது பொய்யான அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும், புரோகிராம் ஓடுகிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டை வந்ததும் முதல் வேலை தோலைச் சுத்தம் செய்வது. தலைக்கு எண்ணெய் வைப்பவர் என்றால் நெற்றியையும் காதுக்குப் பின்புறத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள், லேசான ஈரம் இருந்தால் இன்னும் நல்லது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பிரெயின்ஃப்ளோவில் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலை நீக்கும் வடிகட்டியையும் போடுங்கள்.

அடுத்து அளவெடுப்பது. ஒரு நிமிடம் கண் திறந்து, ஒரு நிமிடம் மூடி, இரண்டையும் பதிவு செய்யுங்கள். காதுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சென்சார்களை மட்டும் எடுத்து, கடைசி 2 வினாடித் தரவில் (மியூஸில் 512 மாதிரிகள், அதாவது அளவீடுகள்) ஆல்ஃபாவின் சக்தியை 13-30 ஹெர்ட்ஸில் வரும் பீட்டா என்ற வேகமான அலையின் சக்தியால் வகுங்கள். இரண்டு நிலைகளுக்கும் நடுவில் ஒரு எண் கிடைக்கும், அதுதான் எல்லை, அதைத் தாண்டினால் கண் மூடியிருக்கிறது என்று கணக்கு. இது ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு ஆல்ஃபாவே பலவீனமாக இருக்கும், அது அவர்கள் குறை இல்லை. உங்கள் தலையில் எடுத்த எண்ணை இன்னொருவருக்கு வைக்காதீர்கள்.

சரி, இப்போது விளையாட்டு. ஒன்பது கட்டமும் ஒவ்வொன்றாக 4 வினாடி ஒளிர்ந்தால் கடைசிக் கட்டம் முடிய 36 வினாடி ஆகும். முதலில் வரிசை, அப்புறம் அந்த வரிசைக்குள் கட்டம் என்று வைத்தால் அதிகபட்சம் 24 வினாடிதான். வேண்டியது ஒளிரும்போது ஆட்டக்காரர் கண்ணை மூடுவார். மூடிய கண்ணுக்குத் திரை தெரியாது, ஆகவே தேர்வானதும் ஒரு மணிச்சத்தம் கட்டாயம் வேண்டும்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அவர் கடைசி வினாடியில் கண்ணை மூடினால், நம் கணக்கு முடிவதற்குள் வெளிச்சம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். எல்லை தாண்டியது தெரிந்ததும் ஏறக்குறைய 2 வினாடி பின்னால் போய், அப்போது ஒளிர்ந்த கட்டத்தையே எடுங்கள். ஆல்ஃபா மறுபடி எல்லைக்குக் கீழே இறங்கும்வரை அடுத்த தேர்வை ஏற்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரே மூடலில் இரண்டு முறை அழுத்தியதாகிவிடும். நான்காவது வரிசையாக ‘திரும்பு’ என்று ஒன்று வையுங்கள், தவறைத் தானே திருத்திக்கொள்ளும் உரிமை ஆட்டக்காரருக்கு வேண்டும்.

ஒரு விரலோ கன்னமோ நம்பகமாக அசையும் என்றால் சாதாரண சுவிட்சே வேகமானது, அதையே கொடுங்கள். யாருக்காகச் செய்கிறீர்களோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை வினாடி வசதி, எப்போது களைப்பு என்று அவரிடமே கேளுங்கள், கூட இருப்பவரிடம் அல்ல.

இது ஓடிவிட்டால் அடுத்தது, கையை அசைப்பதாகக் கற்பனை செய்வது. 2016-இல் ஜூரிக் அருகே நடந்த சைபத்லானில் (மாற்றுத்திறனாளிகள் உதவிக் கருவிகளோடு மோதும் போட்டி) கழுத்துக்குக் கீழே செயலிழந்த போட்டியாளர்கள் பிரெயின்ரன்னர்ஸ் என்ற ஓட்ட விளையாட்டை மூளை அலையால் ஆடினார்கள். கற்பனை அசைவைப் பிடிக்க மியூஸ் போதாது, உச்சந்தலையின் இருபுறமும், சி3, சி4 என்ற இடங்களில், சென்சார் வேண்டும். ஓபன்பிசிஐ என்ற ஈஈஜி போர்டில் அங்கே வைக்கலாம், பிரெயின்ஃப்ளோவில் போர்டின் பெயரையும் இணைப்பு விவரத்தையும் சென்சார் எண்களையும் மாற்றினால் தரவு வாங்கும் பகுதி அப்படியே ஓடும்.